கொசுவுக்குத் தெரியாத தாய்

பிள்ளை பெனிட்டாவின் மார்பில் முகத்தை வைத்துக்கொண்டே பெனிட்டாவைத் தேடியது.

தலையை இந்தப் பக்கம் திருப்பும், அந்தப் பக்கம் திருப்பும். வாயைத் திறந்து வெறுங்காற்றைக் கவ்வும். மூக்கு நுனி அவள் தோலில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. பாலோ சட்டையை நனைத்துக்கொண்டு வடிந்தது. ஆனாலும் ஆளில்லாத வீட்டுக்கு வந்துவிட்ட விருந்தாளியைப் போலச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் முகம் சிவந்து அழத் தொடங்கியது. பிறந்து ஒரு வாரம்தான் ஆகிறது. ஞானஸ்நானம் ஆகவில்லை, பெயர்கூட முடிவாகவில்லை. அதற்குள் தாயோடு பிணக்கு.

ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டார்கள். நாக்கில் குறை இல்லை, அண்ணம் சரியாக இருக்கிறது, காம்பிலும் கோளாறு இல்லை. “பழகிடும்” என்று சொல்லி அனுப்பினார்கள். பழகவில்லை. அதே பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டினால் மடமடவென்று குடிக்கிறது. ஆக, பாலைப் பிடிக்காமல் இல்லை. அவளைத்தான் பிடிக்கவில்லை.

“கொண்டா, கொஞ்ச நேரம் நான் வச்சிருக்கேன்” என்றான் மரிய அந்தோணி. அவள் கணவன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். லாரி அளவுப் பெட்டிகளை அலுங்காமல் தூக்கி வைக்கிற கை, பிள்ளையைத் தூக்கும்போது மட்டும் இரண்டு தடவை பிடியைச் சரிபார்க்கும். வேலைக்குப் போய் வந்த பனியனோடு பிள்ளையை நெஞ்சில் சாய்த்தான். அழுகை சட்டென்று நின்றது. பிள்ளை அந்தப் பனியனை முகர்ந்தது, வாயைத் திறந்தது, அங்கே பால் தேடத் தொடங்கியது.

“ஏலே, இங்க ஒண்ணும் கிடையாதுடே. கடை மாறி வந்துட்ட” என்று அவன் சிரித்தான்.

பெனிட்டாவும் சிரித்தாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். புருஷன் மேல் பொறாமைப்படுவது அதுவே முதல் தடவை. அதுவும் இந்த விஷயத்தில் பொறாமைப்பட வேண்டியிருக்கும் என்று யார் கண்டது.

பெனிட்டா கொசு ஆராய்ச்சிக்காரி. தூத்துக்குடியில் உப்பளத்தை ஒட்டிய நாலைந்து தெருக்களில் இப்போது எல்லாரும் வாரம் ஒரு மாத்திரை தின்கிறார்கள் அல்லவா, ஊரில் ‘மறைவு மாத்திரை’ என்று பெயர் விழுந்துவிட்டதே, அதைக் கண்டுபிடித்த இரண்டு பேரில் ஒருத்தி. இன்னொருவர் சிதம்பரநாதன், ஆய்வகத்தின் மூத்தவர். ஊருக்குக் கொடுப்பதைத் தானும் தின்ன வேண்டும் என்று பெனிட்டா அந்தத் தெருவிலேயே வீடு பிடித்துக் குடிவந்திருந்தாள்.

மாத்திரை கொடுக்கும் முன்பு சிதம்பரநாதன் தெருமுனையில் நாற்காலி போட்டு எல்லாருக்கும் விளக்கினார்.

“நீங்க நினைக்கிய மாதிரி கொசு நம்ம மூஞ்சியைப் பாத்து வாரதில்ல. அதுக்கு நம்ம மூஞ்சி வெறும் கலங்கல். ஒவ்வொண்ணுக்கும் நாம ஒவ்வொரு மாதிரி. ஈக்கு நாம மெதுவாச் சரியுத சுவரு. அதான் நாம அடிக்கதுக்குள்ள நிதானமாப் பறந்துருது. எறும்புக்கு நாம நிலநடுக்கம். கொசுவுக்கு நாம ஒரு வாடை, அவ்வளவுதான். நாம விடுத மூச்சு காத்துல வாலு மாதிரி நீளும். அந்த வாலைப் பிடிச்சுக்கிட்டே தூரத்துல இருந்து வரும். கிட்ட வந்து தோல் வாடையை மோந்து பாத்துத்தான், இது மாடு, இது மனுஷன்னு முடிவு பண்ணும். அந்த மனுஷ வாடையை மட்டும் நாங்க எடுத்துடுதோம். கொசு முன்னாலயே நீங்க நிப்பிய. ஆனா அதைப் பொறுத்தவரைக்கும் அங்க ஆளே இல்ல.”

“சார், மாமியார் கண்ணுக்கு மருமவளை இப்படி மறைக்க ஒரு மாத்திரை இருந்தா அதையும் குடுங்க” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. தெருவே சிரித்தது.

மாத்திரை வேலை செய்தது. அந்த மழைக்காலத்தில் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாம் டெங்கு வந்தது, இங்கே வரவில்லை. பெனிட்டாவுக்கு அது வெறும் ஆராய்ச்சி வெற்றி இல்லை. அவள் அக்கா ஷெரின் பிள்ளை பெற்றுப் பத்தாம் நாள் டெங்குவில் போனவள். கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை கிடையாது, கொசுவலைதான். ஆனால் பிள்ளை பெற்ற அன்றைக்கே தாய்க்கு முதல் மாத்திரையைக் கொடுத்துவிட வேண்டும் என்ற விதியை எழுதியவள் பெனிட்டாதான். எழுதும்போது ஷெரினைத்தான் நினைத்துக்கொண்டாள். பிரசவ அறையிலிருந்து வெளியே வந்ததும் தண்ணீர் கேட்டு வாங்கித் தானும் விழுங்கினாள்.

பிள்ளை பனியனில் பால் தேடியதற்கு மறுநாள் எதிர்வீட்டுச் சந்தனமாரி பால்சுறாப் புட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். இடுப்பில் ஐந்து மாதப் பிள்ளை, அதன் வாயில் பாட்டில்.

“சூட்டோட சாப்பிடுங்கக்கா. பால் நல்லா ஊறும்.”

“பாலெல்லாம் ஊறுது மாரி. குடிக்கத்தான் ஆளில்ல.”

சந்தனமாரி பிள்ளையின் வாயிலிருந்த பாட்டிலைச் சரித்துப் பிடித்தாள். “என் பிள்ளையும் இப்படித்தாங்க்கா. பக்கத்துல கொண்டு போனாலே வீறிட்டு அழுவான். எங்க அத்தை சொன்னாவ, தாயிக்கு மனசுல பாசம் இருந்தா பிள்ளை தானா ஒட்டிக்கிடும்னு. நான் வேலைக்குத் திரும்பிப் போவணும்னே நினைச்சுக்கிட்டு இருந்தேன்லா, அதான்னு சொன்னாவ.”

“அதெல்லாம் சும்மா.”

“நானும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சிட்டேன்” என்றாள் சந்தனமாரி. அழவில்லை, பழைய செய்தியைச் சொல்வது போலத்தான் சொன்னாள். பெனிட்டா புட்டுத் தட்டைக் கீழே வைத்தாள். இந்தத் தெருக்களிலிருந்து இப்படிச் சில புகார்கள் வந்தது அவளுக்கு நினைவிருந்தது. ஆய்வகக் கூட்டத்தில் அதைப் படித்தபோது, ‘இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொறுமை இல்லை, பால்மாவு விளம்பரம் வேறு’ என்று சொல்லித் தள்ளிவிட்டவளும் அவள்தான்.

சாயங்காலம் அந்தோணி வாசலில் பிள்ளையோடு உலாவிக்கொண்டிருந்தான். பளார் என்று ஒரு சத்தம் கேட்டது. பெனிட்டா நிமிர்ந்தாள். அந்தத் தெருவில் அப்படியொரு சத்தம் கேட்டு மாதக்கணக்காகிவிட்டது. அவன் கழுத்திலிருந்து கையை எடுத்தான். உள்ளங்கையில் ஒரு பொட்டு ரத்தம்.

“சனியன், கடிச்சிட்டு” என்றவன் அவள் பார்வையைக் கண்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“மாத்திரை சாப்பிடலையா நீங்க?”

“அது... சாப்பிட்டுட்டு கிரேன் மேல ஏறினா குமட்டுது பெனி. ரெண்டு மாசமா விட்டுட்டேன். நீ உசிரைக் கொடுத்துச் செஞ்ச மாத்திரை, எப்படிச் சொல்லன்னுதான்...”

அவள் திட்டவில்லை. அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தத் தடிப்புக்குச் சற்றுக் கீழே, தோளில், பிள்ளை மூக்கைப் புதைத்துக்கொண்டு நிம்மதியாகக் கிடந்தது. இந்த வீட்டில் கொசுவுக்குத் தெரிகிற ஆள் ஒருவன்தான். பிள்ளைக்கும் அவன் ஒருவனைத்தான் தெரிகிறது. அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆய்வகத்தில் சிதம்பரநாதனுக்கு முன்னால் அந்தோணியின் அழுக்குப் பனியனையும் பிள்ளையையும் கொண்டுபோய் வைத்தாள். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

அங்கே ஒரு ஏற்பாடு உண்டு. உயிருள்ள கொசுவின் உணர்கொம்பில் மயிரிழைக் கம்பியைப் பொருத்தி ஸ்பீக்கரோடு இணைத்திருப்பார்கள். காற்றில் மனிதவாடை வந்தால் கொசுவின் நரம்பு துடிக்கும், ஸ்பீக்கர் கரகரக்கும். பனியனைக் காற்றுக் குழாயின் முன்னால் பிடித்தார்கள். ஸ்பீக்கர் எண்ணெய்ச் சட்டி போலப் பொரிந்தது. பெனிட்டா தன் முழங்கையை நீட்டினாள். சத்தமில்லை. மார்பில் இரவெல்லாம் ஒட்டிக் கிடந்த துணியை நீட்டினாள்.

“ஸ்பீக்கர் ஆன்ல இருக்கா சார்?”

“இருக்கும்மா” என்றார் சிதம்பரநாதன், மெதுவாக.

பிள்ளை பிறந்ததும் கண் சரியாகத் தெரியாது. வாடையைப் பிடித்துத்தான் தாயிடம் வந்து சேரும். இது அவர்கள் இருவருக்கும் தெரிந்த பாடம்தான். கொசு மனிதரை அறிகிற வாடைக்குள்ளேயே தாயின் வாடையும் இருக்கிறது என்பது மட்டும் தோன்றாமல் போய்விட்டது. கொசுவை நோக்கியே உட்கார்ந்திருந்தவர்கள், வேறு யார் அந்த வாசலில் நிற்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

“அடுத்த மாசம் ஜில்லா முழுக்கக் குடுக்கப் போறாங்க” என்றார் அவர். “இப்ப இதைச் சொன்னா பயந்துபோய் மொத்தமா நிறுத்திருவாங்க. பாட்டில்ல குடிச்சாலும் பிள்ளை வளந்துரும் பெனிட்டா. தாயி போயிட்டா, தாயை எந்தப் பாட்டில்ல அடைச்சுக் குடுப்ப? ஷெரினை நினைச்சுப் பாரு.”

“அவளைத்தான் சார் நேத்துல இருந்து நினைச்சுக்கிட்டு இருக்கேன். பத்து நாள்தான் இருந்தா. கடைசியில காய்ச்சல்ல கண்ணைத் திறக்க முடியாமக் கிடந்தா. அப்பவும் பிள்ளையைப் பக்கத்துல போட்டா, அதுவா நகந்து அவ கிட்டப் போயிரும். ‘பாத்தியா, என்னைக் கண்டுபிடிச்சிட்டான்’னு சிரிச்சா. நம்ம மாத்திரை இருந்திருந்தா அவ இருந்திருப்பா. ஆனா அந்தச் சிரிப்பு இருந்திருக்காது.”

“எது பெருசுன்னு கேக்கியா?”

“அது எனக்குத் தெரியல. ஆனா சந்தனமாரி தன் மனசுல பாசம் இல்லன்னு நம்பிக்கிட்டு இருக்கா. அப்படி எத்தனை பேரோ. சொல்லாம இருக்க நமக்கு உரிமை இல்ல சார்.”

சிதம்பரநாதன் பனியனை எடுத்து மடித்து வைத்தார். பிறகு, “கொசு பெரும்பாலும் நோயோட பிறக்கதில்ல. நோயுள்ள ஆளைக் கடிச்சுத்தான் வாங்குது” என்றார். “சுத்தி இருக்கவங்க எல்லாரும் மறைஞ்சுட்டா, நடுவுல தாயி ஒருத்தி தெரிஞ்சாலும் அவகிட்ட வாரது வெறுங்கொசுதான். ஆனா ஒருத்தர் விடாம எல்லாரும் சாப்பிடணும். முக்கியமா அதே வீட்டுல இருக்கவங்க.”

பால் கொடுக்கிற தாய்க்கு மாத்திரை வேண்டாம், சுற்றியிருக்கிற எல்லாருக்கும் கட்டாயம் என்று பெனிட்டா புது விதியை அங்கேயே உட்கார்ந்து எழுதினாள்.

சென்னையிலிருந்து வந்த அதிகாரி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “கொசுவுக்கும் தாய்ப்பாலுக்கும் என்னம்மா சம்பந்தம்? ஒரு குழந்தை அழுதுங்கறதுக்காக ஒரு திட்டத்தையே மாத்தச் சொல்றீங்க.”

பெனிட்டா எழுந்து போய்ப் பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள். அவர் மாத்திரை தின்னாதவர். பிள்ளை அவருடைய சட்டையை முகர்ந்தது, வாயைத் திறந்தது, பேனா குத்தியிருந்த பைக்கு அருகே பால் தேடத் தொடங்கியது. மனிதர் கூச்சத்தில் நெளிந்தார். பெனிட்டா பிள்ளையை வாங்கித் தன் மார்பில் சாய்த்தாள். அது தலையைத் திருப்பிக்கொண்டு வீறிட்டது. அறையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார்.

சந்தனமாரியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

“உன் பாசத்துல குறை இல்ல மாரி. உன் வாடையை எடுத்தது நான்தான். பிள்ளைக்கு நீ அங்க இருக்கதே தெரியல.”

சந்தனமாரி பாட்டிலைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “இப்ப மாத்திரையை விட்டா குடிப்பானாக்கா?”

“உனக்குப் பால் வத்திட்டே...”

“ஆமா. வத்திட்டு.” பாட்டிலைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “இதை எங்க அத்தை முன்னால வந்து சொல்லுவியளா?” என்றாள்.

பெனிட்டா போனாள். அந்த வீட்டு நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, தப்பு என்னுடையது, உங்கள் மருமகளுடையது இல்லை என்று சொன்னாள். மாமியார் எழுந்து போய்ச் சந்தனமாரிக்குக் காப்பி கலந்து கொண்டுவந்து கொடுத்தாள். சந்தனமாரி அதை வாங்கிக்கொண்டாள், பெனிட்டாவை மட்டும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அதன்பிறகு பல நாட்கள் எதிர்வீட்டுக் கதவு இவள் தலையைக் கண்டால் சாத்திக்கொண்டது. அது நியாயம்தான் என்று பெனிட்டா நினைத்தாள்.

மாத்திரையை விட்டாலும் வாடை உடனே திரும்பாது. வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பால் வற்றாமல் இருக்க வேண்டும், அதுதான் பயம். வலிக்க வலிக்கப் பீய்ச்சினாள், பாலாடையில் புகட்டினாள். தினமும் காலையில் ஆய்வகத்துக்குப் போய், நோயில்லாமல் வளர்த்த கொசுக்கள் இருக்கும் வலைக்கூண்டுக்குள் கையை நுழைப்பாள். பசித்த கொசுக்கள் அவள் விரலுக்குப் பக்கத்திலேயே சும்மா உட்கார்ந்திருக்கும். கொசுவைக் கொல்லப் படித்த பெண், கொசுவிடம் போய் “என்னைக் கொஞ்சம் பாரேன்” என்று கெஞ்சுவதைச் சிதம்பரநாதன் கதவோரம் நின்று பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஒரு கொசு தலையைத் திருப்பியது. பறந்து வந்து அவள் மணிக்கட்டில் உட்கார்ந்தது. கொஞ்சம் நடந்தது, யோசித்தது, பிறகு ஊசியை இறக்கியது. பெனிட்டா கையை அசைக்கவில்லை. அது வயிறு சிவந்து எழுந்து போகிறவரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். பிறகு கூண்டைச் சாத்திவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வீட்டுக்கு ஓடினாள்.

பிள்ளை பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தது. கொசுவலைக்குள் உட்கார்ந்து அதை மடியில் கிடத்தினாள். வழக்கம்போலத் தலையை இந்தப் பக்கம் திருப்பியது. நின்றது. மூக்கு விரிந்தது. இந்தத் தடவையும் திரும்பிக்கொள்ளுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. வாய் மெதுவாக ஊர்ந்து வந்து கவ்வியது, அழுத்தமாக, இத்தனை நாள் எங்கே போனாய் என்று அதட்டுவது போல. பெனிட்டாவின் கண்ணிலிருந்து நீர் வடிந்து பிள்ளையின் காதில் விழுந்தது. அது கண்டுகொள்ளவில்லை, குடித்துக்கொண்டிருந்தது.

அந்தோணி வேலையிலிருந்து வந்தபோதும் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வாசலிலேயே நின்று பார்த்தவனுக்கு முகமெல்லாம் பல்.

“வாங்க, கிட்ட வந்து பாருங்க.”

“இருக்கட்டும். நீ குடு. துறைமுகத்துத் தூசி மேலெல்லாம் இருக்கு.”

சில வாரங்களாகவே இதைத்தான் சொல்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வந்ததும் வராததுமாகப் பிள்ளையைத் தூக்குகிறவன், குளிக்கப் போகிறேன், கடைக்குப் போகிறேன் என்று நழுவிக்கொண்டிருந்தான். “தூசி கிடக்கு, வாங்க” என்றாள். அவன் வலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, ஒரு விரலால் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுத் தோளைக் கிட்டே கொண்டுவந்தான். பிள்ளை குடிப்பதை நிறுத்திவிட்டு முகத்தைச் சுளித்தது. உதடு பிதுங்கியது. அவன் சட்டென்று விலகிக்கொண்டான்.

பெனிட்டாவுக்குப் புரிந்துவிட்டது.

“எப்ப இருந்து சாப்பிடுதிய?”

“நீ எழுதுனதுல இருந்துதான். அதே வீட்டுல இருக்கவங்க விடாமச் சாப்பிடணும்னு எழுதியிருக்கல்லா? துறைமுகத்துல நாலு ஊரு ஆளுக கூடப் பழகுதேன். எனக்குக் காய்ச்சல் வந்தா முதல்ல உனக்குத்தான் கொண்டு வருவேன்.”

“குமட்டுமே உங்களுக்கு.”

“எலுமிச்சம்பழம் வச்சு மோந்துக்கிடுதேன்.”

“உங்ககிட்டதான அவன் நிம்மதியாக் கிடந்தான். உங்களை மட்டுந்தான அவனுக்குத் தெரியும்...” அந்த விதியை எழுதியபோது, தெருவில் உள்ள எல்லா அப்பன்மார்களும் அதற்குள் இருக்கிறார்கள் என்பதை அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை.

“அதுக்கு என்ன செய்ய. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தெரிய வழியில்லன்னா, பால் இருக்க ஆளு தெரியட்டும்” என்றான் அந்தோணி. “எனக்கு வாய் இருக்கு. நான் பேசிப் பழகிக்கிடுதேன்.”

அவன் வலைக்கு வெளியே போய்த் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டான்.

“ஐயா, வணக்கம். என் பேரு மரிய அந்தோணி. நீங்க இருக்கிய பாத்தியளா, இதே வீட்டுலதான் நானும் இருக்கேன். உங்க பேரு இன்னும் முடிவாகல, அதனால ஐயான்னே கூப்பிடுதேன், கோவிச்சுக்கிடாதிய. நமக்குத் துறைமுகத்துல ஜோலி...”

பிள்ளை ஒரு நொடி குடிப்பதை நிறுத்தியது. பிறகு மறுபடியும் குடித்தது. அந்தோணி விடவில்லை, கிரேன் எவ்வளவு உயரம், மேலே நின்றால் காற்று எப்படி அடிக்கும், கப்பல்கள் எந்தெந்த நாட்டிலிருந்து வருகின்றன என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனான்.